வீட்டுக்கா, பள்ளிக்கா: பின்தங்கும் பிள்ளைகளுக்கான பணத்தை எங்கே போடலாம்?

பள்ளி நிர்வாகக் குழு, பழைய மாணவர் சங்கம், சின்ன அறக்கட்டளை, எதுவானாலும் சரி. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்து, "படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும்" என்று உட்கார்ந்தால், அரை மணி நேரத்துக்குள் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். "எல்லாம் வீட்டு வளர்ப்புதான், அப்பா அம்மா அக்கறை எடுத்தால் பிள்ளை தானாகப் படிக்கும்" என்பார் ஒருவர். "வயிறு காய்ந்து கிடந்தால் படிப்பு எப்படி ஏறும்?" என்பார் இன்னொருவர். முதல் கட்சி ஜெயித்தால் பெற்றோருக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கும். இரண்டாம் கட்சி ஜெயித்தால் நோட்டும் பையும் விநியோகிப்பார்கள். எது நடந்தாலும், ஆண்டு முடிவில் பிள்ளைகளின் வாசிப்பு இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

நோட்டு, பை, கூட்டம் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, ஓரளவு சோதித்துப் பார்க்கப்பட்ட ஐந்து வழிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கு வாராவாரம் ஆள் அனுப்புவது, மழலையர் பள்ளி, குடும்பத்தின் கையில் நேரடியாகப் பணம், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு அவரவர் நிலைக்கேற்ற சிறு குழு வகுப்பு, பள்ளியின் விதிகளையே மாற்றுவது. என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெற்றோருக்கு உபதேசம் செய்யும் திட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளையின் பக்கத்தில் ஓர் ஆளையும் கொஞ்சம் நேரத்தையும் கொண்டுபோய் உட்கார வைக்கும் திட்டங்களில் இருக்கிறது.

"வீட்டுச் சூழல்" என்பதற்குள் என்னென்ன இருக்கிறது

இந்த வாதத்துக்கு வயது அதிகம். 1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஓர் அறிக்கை வந்தது. சுமார் 6 லட்சம் மாணவர்களின் விவரங்களை அலசிய அந்த அறிக்கை, பள்ளிக்குப் பள்ளி உள்ள வசதி வித்தியாசத்தைவிடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு அதிகம் ஒட்டிப் போகிறது என்று சொன்னது. பலரும் அதை "பள்ளியால் ஒன்றும் ஆகாது" என்று படித்துக்கொண்டார்கள். அது தப்பான வாசிப்பு. அன்று இருந்த பள்ளிகளுக்கு இடையில் இருந்த வித்தியாசத்தைத்தான் அந்த அறிக்கை அளந்தது. பள்ளியை வேறு மாதிரி நடத்தினால் என்ன ஆகும் என்பது அதில் சோதிக்கப்படவே இல்லை.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு இதையே வேறு பக்கமிருந்து பார்த்தார். பள்ளி எதிர்பார்க்கிற பேச்சு, நடை, ரசனை எல்லாம் சில வீடுகளில் வளரும்போதே பிள்ளையோடு ஒட்டிக்கொள்கின்றன. பள்ளி அதைச் சொந்தத் திறமை என்று எண்ணி மதிப்பெண் போடுகிறது என்றார். பண்பாட்டு மூலதனம் என்று அதற்குப் பெயர் வைத்தார்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்கப் பெற்றோர் சந்திப்பு ஒன்றே போதும். "உங்க பையனுக்குக் கணக்கில் கவனம் போதலை, வீட்டில் கொஞ்சம் பாருங்க" என்று ஆசிரியை சொல்கிறார். படித்து அலுவலக வேலையில் இருக்கும் அம்மாவுக்கு அந்த வாக்கியம் பேரத்தின் தொடக்கம். "எதில் மேடம், பின்னத்திலா? முன்வரிசையில் உட்கார வைக்க முடியுமா? போன பரீட்சைத் தாளைக் காட்ட முடியுமா?" அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அம்மாவுக்கோ அதே வாக்கியம் தீர்ப்பு. "சரிங்க டீச்சர், சொல்லி வைக்கிறேன்" என்று எழுந்துவிடுகிறார். சாயங்காலம் பையனுக்குத் திட்டு விழுகிறது. பின்னம் புரியாதது புரியாமலே கிடக்கிறது. இரண்டு பேருக்கும் அக்கறையில் குறைவில்லை. பள்ளியைக் கேள்வி கேட்கலாம், அதன் விதியைக் கொஞ்சம் வளைக்கலாம் என்ற தைரியம் ஒருவருக்கு உண்டு, இன்னொருவருக்கு இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லாரோ 12 குடும்பங்களோடு நெருங்கிப் பழகி எழுதியதன் சாரமும் கிட்டத்தட்ட இதுதான்: நடுத்தர வர்க்கப் பெற்றோர் பிள்ளையை ஒரு திட்டப்பணி மாதிரி வளர்க்கிறார்கள், உழைக்கும் வர்க்கப் பெற்றோர் அன்பும் பாதுகாப்பும் கொடுத்தால் பிள்ளை வளரும், படிப்பு பள்ளியின் வேலை என்று விடுகிறார்கள். இரண்டாவது முறையில் பிள்ளைக்குச் சுதந்திரம் அதிகம், உறவுகளோடு ஒட்டுதலும் அதிகம். ஆனால் பள்ளிக்கூடத்தில் செல்லுபடியாவது முதலாவது முறைதான்.

அப்புறம் ஹோம்வொர்க். "சூரியக் குடும்பத்தின் மாதிரி செய்து வா" என்ற வேலைக்குக் கிடைக்கும் மதிப்பெண் யாருக்குப் போகிறது? பாதி அப்பாவுக்கு, மீதி பசைக்கும் தெர்மாகோலுக்கும்.

ஆக, கலாச்சாரம் என்று நாம் பெயர் வைக்கும் பலவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உள்ளே நேரம், பணம், தூக்கம், நிலையான வேலை என்றுதான் வருகிறது. எல்லாம் அதுவே என்று சொல்ல மாட்டேன். ஏழை வீடுகளிலேயே சில வீடுகளில் பிள்ளைகளோடு ஓயாமல் பேச்சு நடக்கும், சில வீடுகளில் நடக்காது. ஆனால் பணத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்கும்போது, பெற்றோரின் குணத்தை மாற்றுவதைவிட அவர்களிடம் இல்லாததை இட்டு நிரப்புவது சுலபம்.

முதல் வழி: கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் போவது

எனக்குத் தெரிந்த ஆய்வுகளில் மிகவும் பிடித்தது ஜமைக்காவில் 1986, 87-இல் தொடங்கியது. கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகள், 9 மாதம் முதல் 2 வயது வரை உள்ளவர்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு கிலோ பால் சார்ந்த சத்துணவு. இன்னொரு பிரிவுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவார். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். நான்காவதுக்கு எதுவும் இல்லை. இப்படி 2 ஆண்டுகள்.

வந்த பணியாளர் பட்டதாரி நிபுணர் இல்லை, உள்ளூர் சுகாதார உதவியாளர்தான். தூக்கி எறியும் பொருள்களில் செய்த விளையாட்டுச் சாமான்களோடு வருவார். தரையில் உட்கார்ந்து அம்மாவையும் குழந்தையையும் வைத்து விளையாடுவார். சாமானை அங்கேயே விட்டுவிட்டு, அடுத்த வாரம் வேறொன்று கொண்டுவந்து மாற்றிக்கொள்வார். ஒரு திட்டமாக எழுதினால் அரைப் பக்கம் கூட வராது. ஏறக்குறைய 20 ஆண்டு கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, வீட்டுக்கு ஆள் வந்து விளையாடியவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 25% அதிகமாக இருந்தது. சத்துணவு மட்டும் பெற்ற பிரிவில் அப்படி நீடித்த பலன் தெரியவில்லை. சோறு வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. பொருள் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு பிரபலமான தப்புக் கணக்கைச் சொல்ல வேண்டும். 1995-இல் ஹார்ட், ரிஸ்லி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஏழை வீட்டுக் குழந்தை 4 வயதுக்குள் வசதியான வீட்டுக் குழந்தையைவிட 3 கோடி சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று கணக்கிட்டார்கள். உலகம் முழுக்க அந்த எண் பரவி, "பிள்ளையோடு அதிகம் பேசுங்கள்" என்று ஏழைத் தாய்மார்களுக்குப் பாடம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஆய்வில் இருந்தவை 42 குடும்பங்கள், அதிலும் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவை 6. பாட்டியும் அக்காவும் பக்கத்து வீட்டுக்காரரும் குழந்தையைச் சுற்றிப் பேசுவது அந்தக் கணக்கில் சரியாக வரவில்லை. 2018-இல் வேறு குழுவினர் அதையும் சேர்த்து அளந்தபோது, அப்படி ஒரு மலைபோன்ற இடைவெளி தெரியவில்லை. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வில், குழந்தை கேட்ட சொற்களின் எண்ணிக்கையைவிட, பெரியவரும் குழந்தையும் மாறி மாறிப் பேசிக்கொண்ட தடவைகளோடுதான் மூளையின் மொழிச் செயல்பாடு ஒத்துப்போனது. ஜமைக்காவில் நடந்ததும் மாறி மாறிப் பேசுவதும் விளையாடுவதும்தான்.

குறையும் உண்டு. இதே முறையைக் கொலம்பியாவில் பெரிய அளவில் நடத்தினார்கள். திட்டம் முடிந்தவுடன் குழந்தைகளின் அறிவுத்திறனில் முன்னேற்றம் தெரிந்தது. 2 ஆண்டு கழித்துப் பார்த்தால் அது கரைந்திருந்தது. 129 குழந்தைகளை அக்கறையோடு பார்ப்பது வேறு, பல நூறு பணியாளர்களைக் கட்டி மேய்ப்பது வேறு. சிறிய குழுவுக்கு இது ஏற்ற வழி. ஆனால் வாரம் தவறாமல் 2 ஆண்டு போக ஆள் இல்லை என்றால் தொடங்கவே வேண்டாம்.

இரண்டாவது: மழலையர் பள்ளி

இதற்கு ஆதரவாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1962-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய பெர்ரி பாலர் பள்ளி. 3, 4 வயதுள்ள 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை மட்டும் சேர்த்தார்கள். அறிவுத்திறன் மதிப்பில் கிடைத்த ஏற்றம் ஆரம்ப வகுப்புகளிலேயே காணாமல் போனது. ஆனால் 40 வயதில் பார்த்தபோது, சேர்ந்தவர்களில் 77% பேர் பள்ளிப்படிப்பை முடித்திருந்தார்கள், சேராதவர்களில் 60%. வருமானம், கைதான எண்ணிக்கை ஆகியவற்றிலும் நல்ல வித்தியாசம்.

ஆனால் அங்கே 6 குழந்தைக்கு ஓர் ஆசிரியர் இருந்தார், அதுவும் முறையாகப் பயிற்சி பெற்றவர். வாரம் ஒருமுறை அவரே வீட்டுக்கும் போனார். இதை மறந்துவிட்டு "மழலையர் பள்ளி நல்லது" என்று கட்டடம் கட்டினால் என்ன கிடைக்கும்? அமெரிக்காவின் டென்னசி மாநிலம் நடத்திய இலவச மழலையர் வகுப்புகளைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியிட்ட முடிவில், அங்கே படித்தவர்கள் 6-ஆம் வகுப்பில் படிக்காதவர்களைவிட மதிப்பெண்ணில் பின்தங்கியே இருந்தார்கள். பணம் நிறைய இருந்து நல்ல ஆசிரியைகளைத் தக்கவைக்க முடிந்தால் இதில் இறங்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

மூன்றாவது: கையில் பணம்

மெக்சிகோ 1997-இல் கிராமங்களில் தொடங்கிய ப்ரோகிரெஸா திட்டம், பிள்ளை பள்ளிக்குப் போனால் தாயின் கையில் பணம் கொடுத்தது. பெண்பிள்ளைகளுக்கு மேல்வகுப்பில் தொகை கூட. இடைநிற்றல் குறைந்தது, குறிப்பாக 6-ஆம் வகுப்புக்குப் பிறகு பெண்கள் நிற்பது குறைந்தது. ஆனால் தேர்வு வைத்துப் பார்த்தால் கற்றலில் பெரிய மாற்றம் இல்லை. அமெரிக்காவில் 2018-இல் தொடங்கிய இன்னொரு சோதனையில், 1000 ஏழைத் தாய்மாரில் ஒரு பிரிவுக்கு மாதம் 333 டாலர், மற்றவர்களுக்கு 20 டாலர், நிபந்தனை ஏதுமில்லாமல் கொடுத்தார்கள். 4 வயதில் குழந்தைகளின் மொழித்திறன் முதலிய முக்கிய அளவீடுகளில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. நடுவில் பெருந்தொற்று வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பணம் கொடுப்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஏழைக் குடும்பத்துக்குப் பணம் கிடைப்பது அதுவாகவே நல்லது, மதிப்பெண் ஏறினால்தான் நியாயம் என்றில்லை. ஆனால் கேள்வி படிப்பைப் பற்றியது என்றால், பணம் பிள்ளையைப் பள்ளிக்குள் நிறுத்தி வைக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பது வேறு கணக்கு. உங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போவதற்காகவோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகவோ நின்றுபோகிறார்கள் என்றால் இதுதான் முதல் தேர்வு. பள்ளிக்கு ஒழுங்காக வந்தும் படிக்கத் தெரியவில்லை என்றால் இல்லை.

நான்காவது: நிலைக்கேற்ற சிறு குழு வகுப்பு

5-ஆம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமி. 2-ஆம் வகுப்புப் பாடத்தில் வரும் நாலு வரிப் பத்தியை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். ஆசிரியருக்கு இது தெரியும். ஆனால் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு. வசதியான வீட்டில் என்றால் இந்த ஓட்டையை அம்மாவோ டியூஷனோ என்றைக்கோ அடைத்திருப்பார்கள். இவளுக்கு அது ஒவ்வோர் ஆண்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஏற்றத்தாழ்வு வகுப்பறைக்குள் கூடிக்கொண்டே போவது இப்படித்தான்.

இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் செய்தது மிக எளிய வேலை. 3, 4-ஆம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளை 15, 20 பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, பள்ளி நேரத்திலேயே தினமும் 2 மணி நேரம் தனியே உட்கார வைத்தார்கள். சொல்லிக் கொடுத்தது அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள், பெரும்பாலும் பள்ளிப்படிப்பு முடித்தவர்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் முன்னேற்றம் நன்றாகவே தெரிந்தது. திட்டம் நின்று ஓராண்டு ஆனபோது பாதிக்கு மேல் தேய்ந்தும்விட்டது, ஆனாலும் ஒன்றுமில்லாமல் போகவில்லை.

சிகாகோவில் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டு மாணவருக்கு ஒரு பயிற்றுநர் என்று தினமும் ஒரு பாடவேளை கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கேயும் பலன் பெரிது. 2020-இல், பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய இப்படிப்பட்ட 96 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசலில், தனிப் பயிற்சியின் சராசரிப் பலன் கல்வித் திட்டங்களில் அபூர்வமாகக் காணும் அளவில் இருந்தது. பள்ளி நேரத்துக்குள் நடந்தவை பள்ளி முடிந்த பிறகு நடந்தவற்றைவிட நன்றாக வேலை செய்தன. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். மணி அடித்த பிறகு யாருக்குத் தங்க முடியாதோ, அவர்களுக்காகத்தான் வகுப்பே.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, வீட்டிடம் இது எதையும் கேட்பதில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரிய வேண்டாம், அப்பா சீக்கிரம் வீடு திரும்ப வேண்டாம். ஆனால் கெடுப்பதும் சுலபம். குழுவுக்கு "ஸ்லோ பேட்ச்" என்று பெயர் விழுந்துவிட்டால் பிள்ளைகள் ஒளிந்துகொள்வார்கள். வாசிப்பு வந்தவுடன் பிள்ளையை வகுப்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். குழுவில் யாரும் நிரந்தர உறுப்பினர் ஆகக் கூடாது. தன்னார்வலர்களை மட்டும் நம்பினால் மூன்றாவது மாதம் பாதிப்பேர் வர மாட்டார்கள். சிறு சம்பளமாவது கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது: பள்ளியின் விதிகள்

பெரிய சீர்திருத்தங்கள் அரசு செய்ய வேண்டியவை. பின்லாந்து 1972 முதல் 1977 வரை, பிள்ளைகளை 11 வயதில் இரு பாதைகளாகப் பிரிக்கும் பழைய முறையை எடுத்துவிட்டு 16 வயது வரை எல்லோரையும் ஒன்றாகப் படிக்க வைத்தது. தந்தையின் வருமானத்துக்கும் மகனின் வருமானத்துக்கும் இருந்த பிணைப்பு ஏறத்தாழ கால் பங்கு தளர்ந்தது. 1985-இல் டென்னசி நடத்திய வகுப்பு அளவுச் சோதனையில் 22 முதல் 25 பேர் வகுப்பைவிட 13 முதல் 17 பேர் வகுப்பு எல்லோருக்கும் உதவியது, ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக உதவியது. செலவு கண்ணைக் கட்டும்.

ஆனால் பணமே செலவாகாத விதிகளும் உண்டு. ஹோம்வொர்க்கைக் கடைசிப் பாடவேளைக்குள் ஆசிரியர் முன்னிலையில் முடிக்க வைப்பது. வீட்டில் செய்துவரும் மாதிரிகளுக்கு மதிப்பெண் போடாமல் விடுவது. பெற்றோர் சந்திப்பை வேலை நாள் காலையில் வைக்காமல் இருப்பது. ஆசிரியர் "கவனம் போதலை" என்று சொல்லாமல், எந்தப் பகுதி வரவில்லை, பள்ளி அதற்கு என்ன செய்யப்போகிறது என்று சொல்வது. நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் பணத்தைத் தொடுவதற்கு முன்னால் இவற்றைச் செய்துவிடலாம். எதிர்ப்பு வரும். யாரிடமிருந்து என்றால், மாதிரி செய்து முதல் பரிசு வாங்கிப் பழகிய பெற்றோரிடமிருந்து.

வீட்டுக்குப் புத்தகம் கொடுப்பதைப் பற்றியும் கேட்பார்கள். புத்தகம் நிறைய உள்ள வீட்டுப் பிள்ளைகள் அதிகம் படிக்கிறார்கள் என்பது பல நாட்டுத் தரவுகளில் திரும்பத் திரும்ப வருவதுதான். ஆனால் அலமாரியை அனுப்பினால் அந்த வீடு கூடவே வந்துவிடுவதில்லை. நான்காவது வழியோடு சேர்த்துக் கொடுங்கள், தனியாக வேண்டாம். முதல் மதிப்பெண் எடுத்த ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துப் பெரிய பள்ளியில் சேர்ப்பது அந்தப் பிள்ளைக்கு நல்லதுதான், பின்தங்கியவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்போ எதை எடுப்பது

ஒரே ஆண்டுக்கான பணம், பள்ளி வயதுப் பிள்ளைகள் என்றால் நான்காவது வழிதான், யோசிக்கவே வேண்டாம். செலவில்லாத விதிகள் இரண்டு மூன்றை அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது 2 ஆண்டுக்குப் பணமும், விட்டுப் போகாத நாலைந்து பணியாளர்களும் இருந்தால் முதல் வழி. ஆனால் அதன் பலனைக் காட்டி ஆண்டறிக்கை எழுத முடியாது என்பதற்குத் தயாராக இருங்கள். இடைநிற்றல்தான் பிரச்சினை என்றால் மூன்றாவது.

எது பிரச்சினை என்று தெரியவில்லையா? முதல் வாரம் பதிவேட்டை எடுத்து, யார் யார் மாதத்தில் 5 நாளுக்கு மேல் வரவில்லை என்று குறியுங்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு ஓர் எழுத்து, ஒரு சொல், ஒரு பத்தி, ஒரு சின்னக் கதை படிக்கச் சொல்லுங்கள். தலைக்கு ஐந்து நிமிடம் போதும். வராதவர்கள் பட்டியலும் படிக்க முடியாதவர்கள் பட்டியலும் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் பொருந்தினால் பணத்தை முதலில் வருகைக்குப் போடுங்கள். பொருந்தாவிட்டால், அதாவது தினமும் வந்து உட்கார்ந்தும் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம் என்றால், பெற்றோர் கூட்டத்துக்கு ஒதுக்கிய தொகையை அப்படியே எடுத்து இரண்டு இளம்பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள்.